கேஸ் எங்கே போனது?

சித்திரை பிறந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கார் ஏசி கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். எங்கள் மரக்காணம் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி வைத்திருக்கும் பலருக்கு இது வருடாந்திரச் சடங்கு. "கேஸ் குறைஞ்சிருக்கு சார், போட்டுடலாமா?" என்பார் மெக்கானிக். "போடுப்பா" என்போம். குளிர்ந்த காற்று வரும். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கடை, அதே செலவு.

இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பது என் கருத்து.

பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் அப்படி அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. கம்ப்ரஸர் அதை அழுத்தும். வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் துளித்துளியாகக் கசிவது இயற்கை. அதற்காகச் சில வருடங்களுக்கு ஒருமுறை நிரப்பினால் தவறில்லை. வருடா வருடம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டைப் பானையில் யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்களா?

நம் கரையில் அந்த ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் உப்பு. கடல் காற்றும் உப்பளக் காற்றும் முதலில் மோதுவது கண்டென்சர் மேல். அது மெல்லிய அலுமினியம். இடுக்குகளில் படியும் உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

ஓட்டையை விட்டுவிட்டு கேஸை மட்டும் ஏற்றினால், கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். காற்றும் ஈரமும் உள்ளே போனால் அமிலம் உண்டாகும். கடைசியில் கம்ப்ரஸர் பிடித்துக்கொள்ளும். சிறு கசிவாக இருந்தது பெரிய செலவாகிவிடும்.

எனவே கடைக்குப் போனால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, லீக் டெஸ்ட். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். அல்லது சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கும் இணைப்பு கசிவுக்கு அடையாளம். பல நேரங்களில் ஒரு ஓ-ரிங் மாற்றினாலே போதும். இரண்டாவது, குழாயைத் திறந்து வேலை செய்தால் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது, கேஸ் ஏற்றும் முன் அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு, மெஷினை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஓட்டையை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்பதை உள்ளே விடாதீர்கள். அது நல்ல பாகங்களையும் அடைத்துவிடும்.

"பழைய வண்டிக்கு இவ்வளவு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கூலிங் காயில் ஓட்டையானால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு வண்டி தகுதியா என்று கணக்குப் போடுங்கள். தகுதி இல்லையென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு, காலையிலேயே கிளம்பிப் போய் வருவோம். கத்திரி வெயிலில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டிய வீடென்றால், ஒழுங்காகச் சரிசெய்துகொள்வதே முறை. இரண்டும் இல்லாமல் வருடா வருடம் நிரப்பிக் கசியவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காரணம் பணம் மட்டுமல்ல. முன்பு கார்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. பிறகு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ கரியமில வாயுவைவிடச் சுமார் 1,300 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதைக் குறைக்க 2016-இல் கிகாலியில் போட்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. ஒரு காரில் அரைக் கிலோ கேஸ் என்று வையுங்கள். அது முழுதும் கசிந்தால், சுமார் 280 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பதினான்கு முறை போய்வரலாம்.

நம் வண்டிக்குள் குளிர் வேண்டும் என்று வெளியே விடும் இந்தச் சூட்டைத் தாங்குபவர்கள் யார்? சாலையோரத்திலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாரும் ஆணும் பெண்ணும். வெயில் இருந்தால்தான் அவர்களுக்கு வேலை; ஆனால் வெயில் ஏற ஏற அந்த வேலையைச் செய்யும் உடம்பு தளர்கிறது. அவர்களுக்கு ஏசி இல்லை. ஒரு ஓ-ரிங்கை மாற்றும் பொறுப்பாவது நமக்கு இருக்க வேண்டாமா?