நண்பனிடம் சொல்லிவிட்டான், அதற்குப் பிறகு?

பள்ளி ஆலோசகரின் அறைக்குத் தானாக வரும் பையன்கள் அபூர்வம். பெரும்பாலும் யாராவது அனுப்பித்தான் வருகிறார்கள்: சண்டை போட்டதற்காக, வகுப்பில் தூங்கியதற்காக, நாலு நாள் மட்டம் போட்டதற்காக. ஆசிரியர் ஓய்வறையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், திமிர். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வெளிப்படலாம் என்பது நம் துறையின் பாலபாடம். ஆனாலும் அந்தப் பாடம் ஓய்வறை வரை போய்ச் சேரவில்லை. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலக் கோளாறு ஏதேனும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் ஐந்தாறு பேர். இவர்களில் ஒரு பையன் வாய் திறந்தால், முதலில் கேட்பது பக்கத்து பெஞ்சுக்காரன்தான்.

அந்தப் பேச்சும் நீண்ட நாள் நிலைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் நியோபி வே, பதின்வயதுப் பையன்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சந்தித்துப் பேசி 2011இல் ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கத்தில் நண்பனிடம் எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொன்னவர்கள், பள்ளி முடியும் வயதை நெருங்கும்போது, ஆண்பிள்ளை இப்படிப் பேசலாமா என்ற கூச்சத்தில் விலகிப்போவதை அவர் பதிவு செய்தார். அவர் பார்த்தது அமெரிக்க நகரங்களை. எட்டாம் வகுப்பில் தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள் பிளஸ் ஒன்னில் கலாய்ப்பதோடு நிறுத்திக்கொள்வதை நாம் இங்கேயே பார்க்கிறோம். நாம் உள்ளே நுழைய வேண்டிய காலம் ஒன்பதாம் வகுப்பு.

நுழைவது எப்படி என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று இருக்கிறது. பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'செஹர்' ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. சுவர்ப் பத்திரிகை, குறைசொல்லும் பெட்டி, காலைக் கூட்டப் பேச்சு, மாணவர் குழு, தேவைப்பட்டவர்களுக்குத் தனி ஆலோசனை என்று எளிமையான திட்டம். சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி தந்து நியமித்த உள்ளூர் ஆலோசகர்கள் நடத்தினார்கள்; சிலவற்றில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும், சக மாணவரைத் துன்புறுத்துவதும், வன்முறையும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் பலன் தென்படவில்லை. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பாடமும் தேர்வும் பதிவேடுகளும் ஏற்கெனவே தலைமேல் இருக்கின்றன. மதிப்பெண் போடுபவரிடமே மனக்குறையைச் சொல்லப் பையனும் தயங்குவான்.

தமிழ்நாட்டில் நம் பள்ளிகளிலும், மாணவர்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417, 14416 உதவி எண்கள் இருக்கின்றன. பெட்டியைத் திறப்பவர் யார், திறந்தபின் என்ன நடக்கும் என்று மாணவனுக்குத் தெரியாதவரை அது சுவரில் தொங்கும் பெட்டி மட்டுமே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. சாதியைச் சொல்லிச் சக மாணவர்கள் தொல்லை தந்ததால் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்த பட்டியல் சமூக மாணவன், விசாரித்த பள்ளியிடம் நடந்ததைச் சொன்னான். அதன்பின் அவர்கள் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. சொன்னவனுக்குப் பாதுகாப்பில்லாத இடத்தில், 'மனம்விட்டுப் பேசு' என்று அறிவுரை சொல்ல நமக்கு என்ன உரிமை? சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து நட்பு அமையும் பள்ளிகளில், பையன்களின் நட்பே வன்முறைக்கு ஆள்சேர்க்கும் வழியாகிவிடுகிறது. இருக்கை வரிசை, விளையாட்டு அணி, ஆய்வகக் குழு ஆகியவற்றைக் கலந்து அமைப்பது நிர்வாக வேலை மட்டுமல்ல, மனநல வேலையும்கூட.

இன்னொரு எச்சரிக்கை. நண்பனைக் குட்டி ஆலோசகராக்கிவிட வேண்டாம். 'செத்துடலாம்போல இருக்கு மச்சான்' என்று நண்பன் சொல்லக் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்த பதினைந்து வயதுப் பையன் சுமப்பது பெரும் பாரம். அவனுக்கு நாம் கற்றுத்தர வேண்டியவை மூன்று: கிண்டல் செய்யாமல் கேட்பது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ரகசியம் காப்பதாக வாக்குத் தராமல் இருப்பது, அன்றைக்கே எந்தப் பெரியவரிடம் போவது என்பது. அந்தப் பெரியவர் பி.இ.டி. சாராகவும் இருக்கலாம்; அவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் தரப்பிலும் எல்லைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் பொருந்தும். பாலியல் வன்முறை தெரியவந்தால் புகார் அளிப்பது நம் சட்டக் கடமை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றுக்குத் தடை விதிக்க ஒரு சுற்றறிக்கை போதும். பணியிடத்துக்கு நிதி ஒதுக்க வேண்டும். நாளந்தா காட்டியதும் இந்தத் தேவையைத்தான். அரசிடம் அதை வலியுறுத்துவோம். அதற்கிடையே, தலைமையாசிரியரிடம் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பிரிவேளை கேட்டு வாங்குங்கள். பத்தாம் வகுப்பைக் கேட்டால் பொதுத்தேர்வைக் காட்டி மறுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சாக்கு இல்லை.