கடையை அடைத்தோம், வியாபாரத்தை அடைத்தோமா?

வெள்ளிக்கிழமை பகல் புறக்கோட்டையில் நம்மவர் கடைகள் பல அடைபடும். எல்லோரும் ஜும்ஆவுக்குப் போகிறோம். ஆனால் குத்பா நடக்கும்போதே சட்டைப்பைக்குள் கையடக்கத் தொலைபேசி அதிர்கிறது. மெதுவாக எடுத்துப் பார்க்கிறோம். சரக்கு வந்துவிட்டதாம், காசோலை திரும்பிவிட்டதாம். உடம்பு பள்ளிவாசலில், உள்ளம் கடையில்.

இது புதிய நோயல்ல. மதீனாவில் நபி (ஸல்) அவர்களோடு மக்கள் ஜும்ஆவில் இருந்தபோது உணவுப் பொருட்களுடன் வணிகக் கூட்டமொன்று வந்தது. பலர் அதை நோக்கிப் போய்விட, பன்னிரண்டு பேரே எஞ்சினர் என்று ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சூரத்துல் ஜும்ஆவின் 11ஆம் வசனம் இறங்கியது இதையொட்டித்தான். அன்று வணிகக் கூட்டம் ஊருக்குள் வந்தபோது மனம் கலைந்தது. இன்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டே பள்ளிக்கு வருகிறோம்.

அதே சூராவின் 9ஆம், 10ஆம் வசனங்களையும் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விடச் சொல்லும் அல்லாஹ், தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று தன் அருளைத் தேடச் சொல்கிறான். நாள் முழுவதும் கடையை மூடச் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை முழுமையாகக் கேட்கிறான்.

இந்த ஒழுங்கு வீட்டுக்கும் பொருந்தும். இரவுச் சாப்பாட்டில் பிள்ளை பாடசாலைக் கதை சொல்ல, நாம் வட்ஸ்அப்பில் விலை பேசுகிறோம். பழைய நண்பர் சும்மா கடைக்கு வந்தாலும் கண் கடிகாரத்தில். அவரோடு பத்து நிமிடம் பிளேன்டீ குடித்தால் என்ன நட்டம்? நம் மூத்த வியாபாரிகள் சந்தை நிலவரம் அறிந்ததும், கடன் கொடுக்க ஆளை எடை போட்டதும் இப்படியான பேச்சில்தான்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வைத்திருக்கிறது. முதலாளிக்கு அப்படி எல்லையில்லை. அவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

“ஓர் அழைப்பைத் தவறவிட்டால் ஓடர் அடுத்த கடைக்குப் போய்விடுமே” என்பார்கள். போகலாம். 2022 நெருக்கடியில் அடிபட்ட வியாபாரிக்கு அது சிறிய விடயமல்ல. ஆனால் ரிஸ்க் அளிப்போரில் அல்லாஹ்வே மேலானவன் என்றுதான் அந்த 11ஆம் வசனம் முடிகிறது. ஓதும் நாம் அதை நம்பவும் வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை தொலைபேசியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போய்ப் பாருங்கள். நமது நேரத்திலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.