சுரங்கத்துக்குத் தேவை அற்புதம் அல்ல

டிசம்பர் வந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் குடும்பத்தோடு பார்ப்பதற்கென்றே படங்கள் வரும். பனி, கிறிஸ்துமஸ் மரம், பரிசுப் பெட்டிகள், கடைசியில் எல்லோரும் ஒரே மேசையில். 1977 டிசம்பர் 26 அன்று என்.பி.சி. ஒளிபரப்பிய ஒரு படம் இந்தப் பண்டிகைக் கதையை நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோனது. பெயர் 'கிறிஸ்துமஸ் மிராக்கிள் இன் காஃபீல்ட், யு.எஸ்.ஏ.' பின்னர் 'தி கிறிஸ்துமஸ் கோல் மைன் மிராக்கிள்' என்றும் அழைக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சுரங்கம் வெடிக்கிறது. ஆட்கள் கீழே சிக்குகிறார்கள். மேலே குடும்பங்கள் காத்திருக்கின்றன.

இரண்டு பெயரிலும் 'மிராக்கிள்' இருக்கிறது. எனக்குச் சிக்கல் அந்த ஒரு சொல்லோடுதான்.

அந்தப் படம் ஒளிபரப்பான இரவில் உண்மையான சுரங்கத் தொழிலாளர்கள் எங்கே இருந்தார்கள்? டிசம்பர் 6-ம் தேதியிலிருந்து அவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் 1978 மார்ச் வரை, சுமார் 110 நாட்கள், சுரங்கத்தில் இறங்கவில்லை. வெட்டப்பட்ட மருத்துவ உதவி திரும்ப வேண்டும், அந்தந்தச் சுரங்கத்திலேயே வேலைநிறுத்தம் செய்யும் உரிமை வேண்டும் என்பவை அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள். வேலைக்குத் திரும்பச் சொல்லி அதிபர் கார்ட்டர் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தைக் கையில் எடுத்தபோதும் பெரும்பாலோர் அசையவில்லை. வரவேற்பறையில் அற்புதம் ஓடிக்கொண்டிருந்தபோது, சுரங்க ஊர்களில் சம்பளமில்லாத கிறிஸ்துமஸ் நடந்துகொண்டிருந்தது.

"பண்டிகைக்கு ஒரு படம் பார்ப்பதிலும் அரசியலா?" என்று சிலர் கேட்கலாம். அரசியலைக் கொண்டுவந்தது நாம் அல்ல, அந்தச் சொல். பிழைத்தது அற்புதம் என்றால் செத்தது என்ன? விதி. விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சுரங்கத்தில் மனிதர்கள் சாவதற்குக் காரணங்கள் உண்டு. காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அந்த வெடிப்பு நிலக்கரித் தூசியைக் கிளப்பினால் தீ சுரங்கம் முழுக்க ஓடும். தடுக்கும் வழியும் தெரிந்ததுதான். காற்றோட்டம் சரியாக இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி நிலக்கரித் தூசியை அடக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் செலவாகும், உற்பத்தி கொஞ்சம் தாமதமாகும்.

1951 டிசம்பர் 21. இல்லினாய் மாநிலம் வெஸ்ட் ஃபிராங்க்ஃபோர்ட்டில் ஓரியண்ட் 2-ம் எண் சுரங்கம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசி ஷிஃப்ட். வெடிப்பில் 119 பேர் இறந்தார்கள். அதுவரை மத்திய ஆய்வாளர்கள் குறைகளை எழுதிக் கொடுக்கலாம், சுரங்கத்தை மூடச் சொல்லும் அதிகாரம் இல்லை. இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1952-ல் அந்த அதிகாரம் வந்தது. அதிலும் 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் சுரங்கங்களுக்கு விலக்கு. 1968 நவம்பரில் ஃபார்மிங்டனில் 78 பேர் செத்த பிறகு 1969-ல் இன்னும் கடுமையான சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் விலையைத் தொழிலாளிகளே உயிராகக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சொல் எவ்வளவு கொடுமையானது என்பதை 2006 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கம் காட்டியது. புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய காலையில் வெடிப்பு. 13 பேர் உள்ளே. தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு 12 பேர் உயிரோடு இருப்பதாகத் தகவல் வந்தது. மணி அடித்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், அற்புதம் என்றார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது: பிழைத்தவர் ஒருவர், செத்தவர்கள் 12 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் அந்தச் சுரங்கத்தின் மீது 200-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பதிவாகியிருந்தன. அந்தக் குடும்பங்களின் நம்பிக்கையைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் மனிதர்களை அற்புதத்துக்காகக் காத்திருக்கும் நிலையில் வைத்தவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

யார் கீழே இறக்கப்பட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1911-ல் அலபாமாவின் பேனர் சுரங்கத்தில் 128 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். சில்லறைக் குற்றங்களுக்காகப் பிடித்து அரசே நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்ட மனிதர்கள். இந்த மரணங்களை வைத்து யாரும் பண்டிகைப் படம் எடுப்பதில்லை.

நம் நாட்டுக் கதையும் இதேதான். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் சாயலில் 1979-ல் யஷ் சோப்ரா எடுத்த 'காலா பத்தர்' படத்தின் நாயகன் யார்? விஜய் பால் சிங், முன்னாள் கப்பல் கேப்டன். ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளில் தொடக்கக் காலத்தில் நிலக்கரி வெட்டியவர்களில் பெரும்பங்கினர் சந்தால் ஆதிவாசிகளும் பௌரி போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும். திரையில் அவர்கள் கூட்டம், காப்பாற்ற வருபவர் வெளியிலிருந்து வருகிறார். அங்கே அற்புதம், இங்கே நாயகன். இரண்டிலும் தொழிலாளி காத்திருப்பவர் மட்டுமே.

சாதியை எதிர்க்கும் நமக்கு இது பழகிய தந்திரம். பிறப்பு விதி, தொழில் விதி, சாவும் விதி. எப்போதாவது ஒருவர் தப்பினால் அது அருள்.

தோழர்களே, படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு பார்பரா கோப்பல் எடுத்த 'ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ.' ஆவணப்படத்தையும் பாருங்கள். 1976-ல் வந்தது. கென்டக்கியின் புரூக்சைடு சுரங்கத் தொழிலாளர்கள் சங்கத்தின் ஒப்பந்தத்துக்காக நடத்திய வேலைநிறுத்தம் அதில் இருக்கிறது. விடியற்காலையில் சாலையை மறித்து நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை நோக்கி நீளும் துப்பாக்கிகளும் இருக்கின்றன. அங்கே யாரும் அற்புதத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டார்கள், வாங்கினார்கள்.