நாலு தீவுகள், இரண்டு பாதைகள்

உடன்பிறந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் தனிக்குடித்தனம் போனார்கள். ஒருவர் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டார். யார் சுகமாக இருக்கிறார்கள்?

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. நாலு தீவுகளின் கதை.

ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே, கடலில் இருக்கின்றன அந்தத் தீவுகள். கிராண்ட் கொமோர், அஞ்சுவான், மொகேலி, மயோட்டே என்பன அவற்றின் பெயர்கள். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பேச்சும் பழக்கவழக்கமும் ஏறக்குறைய ஒன்றே. நாலையும் பிரான்ஸ் ஆண்டு வந்தது.

"சுதந்திரம் வேண்டுமா?"

1974 டிசம்பரில் இந்தக் கேள்வியை வைத்து ஓட்டு எடுத்தார்கள். மூன்று தீவுகள் "வேண்டும்" என்றன. மயோட்டே மட்டும் "வேண்டாம்" என்றது.

காரணம் என்ன? முன்பு தலைநகர் மயோட்டேயில் இருந்தது. அது கிராண்ட் கொமோரிலுள்ள மொரோனிக்கு மாற்றப்பட்டது. உத்தியோகங்களும் அதன் பின்னே போய்விட்டன. "பெரிய தீவு நம்மை விழுங்கிவிடும்" என்று மயோட்டே மக்கள் பயந்தார்கள். பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து, மொரோனியிலிருந்து வந்த தலைவர்களைக் கிச்சுகிச்சு மூட்டியே விரட்டினார்கள்!

தனியே போனவர்கள்

1975 ஜூலை 6-ந் தேதி கொமோரோஸ் சுதந்திரம் அறிவித்தது. மயோட்டேயும் தனக்கே சொந்தம் என்றது. ஐ.நா. சபையும் அப்படியே தீர்மானித்தது. ஆனால் பிரான்ஸ் மயோட்டேயை விடவில்லை.

புது நாட்டில் அமைதி இல்லை. ராணுவப் புரட்சிகள் மாறி மாறி நடந்தன. 1997-ல் அஞ்சுவான் தீவு, "எங்களை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பிரான்சையே கேட்டது. பிரான்ஸ் மறுத்துவிட்டது.

சேர்ந்தே இருந்தவர்கள்

2009-ல் மயோட்டேயில் மறுபடியும் ஓட்டு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 100-க்கு 95 பேர் பிரான்சுடன் முழுதாக இணைய விரும்பினார்கள். 2011-ல் மயோட்டே பிரான்சின் 101-வது மாவட்டம் ஆயிற்று.

அப்படியானால் எல்லாம் சமமா? இல்லை. காஜியார் நீதிமன்றம் போயிற்று; பலதார மணத்துக்குத் தடை வந்தது. சட்டம் உடனே வந்துவிட்டது. கூலியோ அதே வேகத்தில் வரவில்லை. பிரான்சில் உள்ள குறைந்தபட்சக் கூலியைவிட மயோட்டேயில் குறைவாகவே வைத்தார்கள். 2018 கணக்குப்படி, 100-க்கு 77 பேர் பிரான்சின் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2024 டிசம்பரில் சிடோ என்ற புயல் அடித்தபோது தகரக் குடிசைகள் காகிதம்போல் பறந்தன.

நடுவிலே கடல்

அஞ்சுவானுக்கும் மயோட்டேக்கும் தூரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். முன்பு உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் போய் வந்தார்கள். 1995-ல் பிரான்ஸ் "விசா" கேட்டது. அன்று முதல் ஏழைகள் இரவில் சிறு படகில் ஏறுகிறார்கள். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், வேலை தேட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்தக் கடலில் மாண்டார்கள்.

எது சரி?

பசிபிக் கடலில் நியூ கலிடோனியாவிலும் இதே கேள்விதான். 2018, 2020, 2021 என்று மூன்று முறை ஓட்டு நடந்தது. மூன்றிலும் சுதந்திரம் தோற்றது. ஆனால் கடைசி ஓட்டைச் சுதந்திரக் கட்சிகள் பகிஷ்கரித்தன. தகராறு தீரவில்லை.

தனியாட்சியா, இணைப்பா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த அந்த ஊர் மக்களே. ஆனால் ஓட்டுப் பெட்டியை மூடியதும் வேலை முடிந்துவிடாது. தனியே போகிறவனுக்குப் பிழைக்க வழி வேண்டும். சேர்ந்திருப்பவனுக்குப் பந்தியில் சம இலை வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், எந்தப் பாதையில் போனாலும் ஏழையின் படகு கவிழ்ந்துகொண்டுதான் இருக்கும்.