குழாயில் வருவது ஆக்சிஜன்தானா?

2011-ல் நாகர்கோவில் அரசு மருத்துவமனைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்காக வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவு திரும்பாமலே மறு ஆண்டு இறந்தார். 28 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-ல் இந்தூர் அரசு மருத்துவமனையில் இதே வாயு மாற்றத்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஏழை நாட்டுக் குறை என்றும் ஒதுக்க முடியாது. அதே ஆண்டு சிட்னியின் பேங்க்ஸ்டவுன் மருத்துவமனையில் ஒரு சிசு இறந்தது. இன்னொரு சிசுவின் மூளை பாதிக்கப்பட்டது. அங்கே வாயுக் குழாயின் தவறான இணைப்பு ஓராண்டாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இந்த விபத்து மருத்துவரின் நல்ல பழக்கத்தையே நோயாளிக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. மயக்கத்தில் இருப்பவரின் ஆக்சிஜன் அளவு இறங்கினால், மயக்க மருத்துவர் உடனே ஆக்சிஜனைக் கூட்டுவார். குழாய் மாறியிருந்தால் கூட்டக் கூட்ட உள்ளே போவது நைட்ரஸ் ஆக்சைடு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த பிறகே அலறும், காரணத்தைச் சொல்லாது. சுவரில் வாயுவுக்கு வாயு இணைப்பு வாயின் வடிவம் வேறுதான். ஆனால் தவறு சுவருக்குப் பின்னால் நடந்திருக்கிறதே! சில நிமிடங்கள் போதும், மூளை மீளாத சேதமடைய.

அரை மணி நேர அறுவைக்கு வந்தவர் பிறகு மாதக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தப் படுக்கை அடுத்த விபத்து நோயாளிக்குக் கிடைப்பதில்லை. விசாரணைக்காக அறுவை அரங்கைப் பூட்டினால், தேதி வாங்கிக் காத்திருந்தவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். வீட்டில் ஒருவர் வேலையை விட்டுக் கட்டிலருகே உட்கார்கிறார்.

இவ்வளவையும் தடுக்கக்கூடியது, நோயாளிக்குள் போகும் வாயுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசர். அது வேலை செய்யாத மயக்க இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. குழாய் வாயுவில் சந்தேகம் வந்தால் மாற்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பது மட்டும் போதாது. சுவர்க் குழாயையும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் அதிகமுள்ள குழாய் வாயுவே தொடர்ந்து வரும். இதை அரங்க ஊழியர் அனைவரும் கைப்பழக்கமாகும்வரை ஒத்திகை பார்க்க வேண்டும்.

குழாயில் சிறு பழுது பார்த்தாலும், ஒவ்வொரு இணைப்பு வாயிலும் வாயுவைச் சோதித்து மயக்க மருத்துவர் கையொப்பமிடும்வரை எந்த நோயாளியையும் மேசையில் ஏற்றக் கூடாது. சுகாதாரத் துறை இதை இந்த மாதமே ஆணையாக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்து.