அலுமாரிக்குள்ள ஒரு துவக்கு

போன மாதம் ஒரு ராத்திரி. ஹொஸ்டல் அறையில் நாங்கள் நாலு பேர். விடிந்தால் டியூட்டோரியல், ஆனால் ஒருத்தனும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு போனில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. தாடி வைத்த ஒரு அமெரிக்கர் மேசையில் அஞ்சு சின்ன பிஸ்டல்களை வரிசையாக வைத்துக்கொண்டு விளக்கம் சொல்கிறார். எது சேர்ட்டுக்குள் தெரியாமல் நிற்கும், எது கையில் அடங்கும், எதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று. நாங்கள் போன் வாங்கும்போது கமராவையும் பற்றரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மாதிரித்தான் இருந்தது.

சிரித்துச் சிரித்துத்தான் பார்த்தோம். திடீரென்று ஒருத்தன் கேட்டான்: "மச்சான், 2018ல எங்கட வூட்டுல இப்படி ஒன்டு இருந்திருந்தா?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் மடவளை, மெனிக்ஹின்ன பக்கம். அந்தக் கேள்வி எங்கள் எல்லாருக்குள்ளும் எட்டு வயதுப் பிள்ளை மாதிரி இன்னும் ஒளிந்துகொண்டு இருக்கிறது. அதனால் அதற்கு ஒழுங்காகப் பதில் தேடிப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

முதலில், தெரியாத தம்பி தங்கச்சிமாருக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2018 பெப்ரவரி பிற்பகுதியில் தெல்தெனிய பக்கம் ஒரு வீதித் தகராறு. நாலு முஸ்லிம் இளைஞர்கள் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்தார்கள். அவர் மார்ச் 3ஆம் திகதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 5ஆம் திகதி திகன எரிந்தது. எரிந்த வீடொன்றுக்குள் அகப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கம். ஊரடங்குச் சட்டம் இருக்கும்போதே கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

எங்களுக்கு அப்போது 14, 15 வயது. லைட்டை அணைத்துவிட்டு, பொம்புளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் சேர்த்து வைத்திருந்தார்கள். வாப்பாமார் சந்தியில் டோர்ச்சும் பொல்லுமாக நின்றார்கள். "வாறாங்களாம்" என்ற ஒரு சொல் ராத்திரி முழுக்க வீடு வீடாகப் போய்வந்தது. எங்கள் ரோட்டுக்கு அன்றைக்கு யாரும் வரவில்லை. ஆனால் அந்த வராத கூட்டத்தை நாங்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தான் அந்த வீடியோ எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

ஆனால் அந்த அமெரிக்கர் பேசுவது அவருடைய நாட்டுக்கு. அங்கே 2022 ஜூனில் உயர் நீதிமன்றமே, தற்காப்புக்காக வெளியில் கைத்துப்பாக்கி கொண்டு போவது அரசியலமைப்பு தந்த உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அனுமதி கிடைத்தாலும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பன்றிக்கும் குரங்குக்கும் தோட்டத்தைக் காக்கிற சொட்கன் என்றால் மாவட்டச் செயலகம். உயிர்ப் பாதுகாப்புக்குப் பிஸ்டல் என்றால் பாதுகாப்பு அமைச்சு. 2024இன் கடைசி மாதங்களில், தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்திருந்த துவக்குகளையும் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி அந்த அமைச்சே அறிவித்தது. ஆகவே "எந்தப் பிஸ்டல் நல்லம்?" என்ற கேள்விக்கு இங்கே சட்டப்படி பெரிய வேலை இல்லை. "இருந்திருந்தா?" என்ற கேள்விக்குத்தான் வேலை இருக்கிறது.

எங்களில் ஒருத்தனின் மாமாவிடம் உண்மையிலேயே ஒன்று இருந்தது. யாவாரி. கொழும்புக்குக் காசோடு போய்வருகிறவர். அனுமதிப்பத்திரத்தோடு பல வருஷமாக அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்து, அந்த அறிவித்தலுக்குப் பிறகு ஒப்படைத்தார். அவரிடமே போய்க் கேட்டோம்: "மாமா, 2018ல நீங்க என்ன செஞ்சீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எடுத்தன். கையில வச்சிட்டு இருந்தன். சுபஹுக்கு முந்தித் திரும்ப வச்சிப் பூட்டிட்டன்."

"ஏன்?"

"இருநூறு பேர் வந்தா என்னட்ட இருக்கிறது பத்து உண்டை. சரி, பத்தும் படுதுன்டே வையுங்க. பொறகு? ஒரு லொறிக்காரர் மௌத்தானதுக்கே திகன எரியுது. ஒரு முஸ்லிம் யாவாரி சுட்டு ஒருத்தன் செத்தான்டு செய்தி போனா, விடியக்குள்ள எத்தன ஊர் எரியும்? என்ட வூட்டக் காப்பாத்தப் போய் மத்தவங்கட வூட்டயெல்லாம் நான் எரிச்சிருப்பன்."

இதை எந்த வீடியோவும் சொல்வதில்லை. அந்த வீடியோக்களில் வருகிறவன் தனி ஒருத்தன். ராத்திரியில் ஜன்னலை உடைத்துக்கொண்டு வருகிற கள்ளன். அவனைப் பார்த்துச் சுட்டால் கதை முடிந்தது. எங்களுக்கு வந்த பயம் அப்படிப்பட்டதல்ல. எங்களுடைய பயம் ஒரு கூட்டத்தைப் பற்றியது. கூட்டத்தைப் பார்த்துச் சுடும்போது கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சரி, கள்ளன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது உதவுமா? அந்த வீடியோக்களில் அடிக்கடி வருகிற கிளொக் 19ஐ எடுங்கள். குழல் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், உண்டைக் கூட்டில் 15 உண்டை. இதைவிடச் சின்னது மறைக்கச் சுகம். ஆனால் சின்னதாக ஆக ஆகக் கையில் அதிகம் உதைக்கும், குறி வைக்கவும் கஷ்டம். நியூயோர்க் பொலிஸ் சுட்ட சம்பவங்களை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. இரண்டு பக்கமும் சுட்டுக்கொள்ளும் சண்டையில் இலக்கில் பட்டது 100க்கு 18 தான். அது பயிற்சி எடுத்து, சம்பளத்துக்குத் துவக்குத் தூக்குகிற ஆட்கள். அரைத் தூக்கத்தில், நடுங்குகிற கையோடு எங்கள் வாப்பா சுட்டால் மிச்ச உண்டை எங்கே போகும்? எங்கள் வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவில் பலகைத் தட்டி. அந்தப் பக்கம் தங்கச்சி படுத்திருப்பாள்.

தங்கச்சி என்றதும் இன்னொன்று. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைப் பற்றி ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். அப்படி வாழ்கிறவர்கள் கொலை செய்யப்படும் வீதம், துவக்கில்லாத வீடுகளோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். கணவன் அல்லது துணையால் சுடப்பட்டு இறப்பது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். வெளியில் இருந்து வருகிறவனுக்காக வாங்கியது, உள்ளே இருக்கிறவளைப் பார்த்துத் திரும்புகிறது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஆம்புளைகளுக்குக் கோபம் வராது என்று யாராவது சத்தியம் பண்ணுவார்களா?

இன்னொரு விஷயத்துக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 1990களின் நடுவில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகத்தின் முன்வரிசையில் இருந்தது. ஆபத்தான பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருஷத்தில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. சனத்தின் கவலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. யுத்தம், சுனாமி, கடன் எல்லாம் அந்தக் காலத்தில்தான் இருந்தன. மனசு உடைந்த அந்த ஒரு ராத்திரியில் கைக்கெட்டின தூரத்தில் உயிரை எடுக்கிற சாமான் இல்லாமல் போனது. அவ்வளவுதான். அந்த ராத்திரியைத் தாண்டினவர்கள் பலர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். அப்படி ஒரு பாடத்தைப் படித்த நாட்டில், அலுமாரிக்குள் ஒரு துவக்கை நாங்களே கொண்டுவந்து வைப்பதா?

இவை எல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். எங்களை மாதிரிச் சிறுபான்மை வீட்டுக்கு இன்னொன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். மே மாத ஆரம்பத்தில் வாளையும் பெரிய கத்தியையும் ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தது. வீடு வீடாகத் தேடுதல். எங்கள் உம்மாமார் குர்பானிக்கு வைத்திருந்த கத்தியைப் பார்த்துப் பயந்தார்கள். பலாக்காய் வெட்டுகிற கத்தியை எங்கே வைப்பது என்று யோசித்த வீடும் உண்டு. பாதுகாப்புக்கு என்று வைத்த சாமான் ஒரே கிழமையில் குற்றச்சாட்டாக மாறிவிட்டது. கத்திக்கே அப்படியென்றால் பிஸ்டலுக்கு? ஒரு வீட்டில் அகப்பட்டால் அந்த வீட்டுக்காரனின் பெயர் செய்தியில் வராது. "மடவளை" என்றுதான் வரும்.

இதைவிடப் பழைய கதையும் கண்டியில் இருக்கிறது. 1915 மே மாதக் கடைசியில் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி வெள்ளைக்கார அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. துவக்கு வந்தது. அது பல சிங்களவர்களை ஒழுங்கான விசாரணை இல்லாமல் கொன்றது. ஹென்றி பேதிரிஸை ஜூலை 7ஆம் திகதி சுட்டார்கள். அதனால் முஸ்லிம்களுக்கு எரிந்த கடை திரும்பக் கிடைத்ததா? இரண்டு பக்கமும் நூறு வருஷத்துக்கு மனக்காயம்தான் மிஞ்சியது.

"பாதுகாப்பு" என்ற சொல்லின் மேல் எங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் 2025 பெப்ரவரி 19ஆம் திகதி போய்விட்டது. கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், கூண்டில் நின்ற கணேமுல்ல சஞ்சீவவைச் சட்டத்தரணி வேஷத்தில் வந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். துவக்கு உள்ளே வந்தது பக்கங்களை வெட்டிக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள். அந்த அறையில் காவல் இருந்தது. மறைத்துக் கொண்டுவருகிறவன் எப்போதும் முதலில் சுடுகிறவன். இடுப்பில் ஒன்று வைத்திருந்தாலும் எங்கள் கை அங்கே போவதற்குள் கதை முடிந்திருக்கும்.

இவ்வளவையும் சொன்னதும் எங்கள் கூட்டாளி கேட்டான்: "அப்ப சும்மா இருந்து எரியச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. பொலிசுக்கு அடியுங்கள் என்று லேசாகச் சொல்லிவிட்டு நாங்கள் தப்ப ஏலாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையே 89ஆம் பிரிவில் இருந்து தற்காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால், அதிகாரிகளின் பாதுகாப்பைத் தேட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2018இல் நாங்கள் தேடினோம். ஊரடங்கு போட்டிருந்தும் வீடுகள் எரிந்தன. அந்தக் கணக்கை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிஸ்டல் வாங்க நினைப்பது அந்தக் கணக்கை மன்னித்துவிடுகிற வேலை. "நீங்க வராட்டிப் பரவாயில்ல, நாங்க பாத்துக்கொள்றம்" என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது மாதிரி.

அன்றைக்கு எங்களுக்கு உண்மையில் உதவியது என்ன என்று மாமாவிடமும் மற்றப் பெரியவர்களிடமும் கேட்டோம். ரோட்டுக் கடைசியில் இருக்கிற சிங்கள வீட்டு அங்கிள் வந்து சந்தியில் நின்றது. வத்தேகம பக்கம் இருந்து ஒரு கூட்டாளி சாதாரண கோல் எடுத்து, எந்த ரோட்டில் சனம் கூடுகிறது என்று சொன்னது. வட்ஸ்அப் முடங்கினபோது நம்பர் எழுதி வைத்திருந்த கொப்பி. தண்ணீர் நிரப்பி வைத்த பீப்பாய். இவ்வளவும்தான்.

இதோடு நாங்கள் ஒன்றைச் சேர்க்கிறோம்: சிங்களம். 2018இல் எங்களுக்கு எதிராகப் பரவிய பதிவுகள் சிங்களத்தில் இருந்தன. அவற்றைத் தடுக்கத் தவறியதற்காக பேஸ்புக் 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருஷம் பிந்தி. அந்தப் பதிவுகளை வாசித்து அன்றைக்கே முறையிடவும், அதே மொழியில் பதில் எழுதவும் எங்களில் எத்தனை பேரால் முடிந்தது? கெம்பஸில் எங்கள் பக்கத்து அறையில் சிங்களப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கென்டீனில் ஒரே மேசையில் இருக்கிறோம். அவர்கள் வீட்டு நம்பர் எங்களிடம் இருக்கிறதா? எங்கள் வீட்டு நம்பர் அவர்களிடம்?

எங்கள் கூட்டாளி முழுசாகச் சம்மதிக்கவில்லை. "நீங்க சொல்றது சரி, ஆனா பயம் போகல்ல" என்றான். எங்களுக்கும் போகவில்லை. அதை இல்லை என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு அறுநூறு கிராம் இரும்பைப் பதிலாகக் கொடுத்தால், பயம் வீட்டுக்குள் குடிவந்துவிடும் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை தருகிறோம். இந்தப் போயாவுக்கு வீட்டுக்குப் போனால் உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேளுங்கள்: 2018 மார்ச்சில் யாருக்கு கோல் எடுத்தீர்கள், யார் உங்களுக்கு எடுத்தார்கள்? அந்தப் பெயர்களையும் நம்பர்களையும் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். முடிந்தால் அதில் இருக்கிற ஒருத்தரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.