மாடித் தொட்டியில் கஞ்சாச் செடியா?

போன வாரம் என் நாத்தனார் மகன் காகிதப் பொட்டலத்தில் விதையோடு வந்து நின்றான். "அத்தே, மாடித் தொட்டியில ஒரேயொரு கஞ்சாச் செடி வைக்கேன். கனடாவுல வீட்டுக்கு நாலு செடி வைக்கலாமாம்!" என்றான்.

கனடா சங்கதி உண்மைதான். 2018 அக்டோபரில் அந்தச் சட்டம் வந்தது. (அங்கேயும் கியூபெக் மாகாணத்தில் வீட்டில் வளர்க்கக் கூடாது.) ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் பெரியவர் ஒருவருக்கு 3 செடி. ஆனால் நம்ம நாட்டில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடியா, ஒரு ஏக்கரா என்ற கணக்கே அதில் கிடையாது.

சகோதரிகளே, அதே சட்டத்தின் 25-வது பிரிவையும் கவனியுங்கள். தெரிந்தே வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். 'எனக்குத் தெரியாது' என்றால் எந்த ஜட்ஜ் நம்புவார்? ஏற்கெனவே இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா பிடிபட்டது என்று எங்க தூத்துக்குடிக் கடற்கரைப் பெயர் பேப்பரில் அடிக்கடி வருகிறது. கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தக் கெட்ட பெயரே போதாதா?

பொட்டலத்தை அடுப்பில் போட்டேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவன், இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

- ஒரு வாசகி, புன்னக்காயல்.